ஒரு தேதி, ஓர் அணி – 14: செப்டம்பர் 28

179-ஐ 448-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.39955 என்று வரும். மூன்று தசம இடத்துக்குச் சுருக்கினால் .400. 1941 செப்டம்பர் 27, சனிக்கிழமை மாலை, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் இருபத்து மூன்று வயது இடது கை பேட்டர் டெட் வில்லியம்ஸின் கணக்கு இந்த இடத்தில்தான் நின்றது. மறுநாள் ஞாயிறு. சீசனின் கடைசி நாள், பிலடெல்பியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் போதும், ஏட்டில் .400 என்றே ஏறிவிடும்.

சென்ற இதழில் ஏப்ரல் 20-ஐப் பார்த்தோம். 1912-ல் ஃபென்வே பார்க் மைதானத்தில் முதல் லீக் ஆட்டம் நடந்த தேதி அது. 1939-ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் வில்லியம்ஸ் ரெட் சாக்ஸுக்காக முதல் லீக் ஆட்டம் ஆடியதும் அதே தேதியில்தான். அது தொடக்கங்களின் தேதி என்றால், இன்று எடுத்துக்கொண்டிருப்பது முடிவுகளின் தேதி. காரணம் எளிது. அமெரிக்க பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ தொடங்கி செப்டம்பர் கடைசி வாரத்தில், சில ஆண்டுகளில் அக்டோபர் முதல் நாட்களில், முடிகிறது. 154 ஆட்டம் ஆடிய காலத்திலும் 162 ஆன பிறகும் செப்டம்பர் 28 அந்த விளிம்பில்தான் விழுகிறது. மே மாதத்தில் ஒரு ஹிட் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தேதியில் நாளை என்பது பெரும்பாலும் இருக்காது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கிரிக்கெட்டில் எடுத்த ரன்களை, அவுட் ஆன தடவைகளால் வகுக்கிறோம். பேஸ்பாலில் பந்தை அடித்துத் தன் அடியின் பலத்தில் பேஸ் போய்ச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். ஹிட்டுகளை பேட் பிடித்த தடவைகளால் வகுத்தால் சராசரி. பிட்சர் நான்கு பந்தைக் குறி தவறி வீசினால் பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அந்தத் தடவை கணக்கில் சேராது. பத்துக்கு மூன்று ஹிட் அடிப்பவரை நல்ல பேட்டர் என்பார்கள். ஒரு சீசன் முழுக்கப் பத்துக்கு நான்கு என்பது வேறு மலை. நேஷனல் லீக்கில் 1930-ல் நியூயார்க் ஜயன்ட்ஸின் பில் டெர்ரி .401 எடுத்திருந்தார். அமெரிக்கன் லீக்கிலோ 1923-க்குப் பிறகு அந்த மலையில் யாரும் ஏறவில்லை.

மேனேஜர் ஜோ குரோனின் வில்லியம்ஸிடம் நேராகவே கேட்டார்: விருப்பமென்றால் நாளைக்கு உட்கார்ந்துகொள்ளலாம். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். சீசன் முழுக்க ஆடி எடுக்கவேண்டிய சராசரியைக் கடைசி நாளில் பெஞ்சில் உட்கார்ந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த முடிவின் எடையைத் தெரிந்துகொள்ள மறுபடியும் கொஞ்சம் வகுத்தல் தேவை. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து எட்டுத் தடவை பேட் பிடித்தால் நான்கு ஹிட் வேண்டும். மூன்றோடு நின்றால் 456-க்கு 182, அதாவது .399. எட்டுக்கு மூன்று என்பது எந்த பேட்டரும் பெருமையோடு வீட்டுக்குப் போகக்கூடிய நாள். அப்படிப்பட்ட நாள்கூட அவருக்குப் போதாது. சனிக்கிழமை நான்குக்கு ஒன்று மட்டுமே அடித்து .401-லிருந்து சறுக்கி வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கில் மாலை நிழல் நீண்டு, வரும் பந்தைக் கண் பிடிப்பதே கடினம் என்பது ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நம் வாசகர்களுக்கு இந்த இடத்தில் பிராட்மன் நினைவுக்கு வருவார். 1948-ல் ஓவல் மைதானத்தில் நான்கு ரன் எடுத்திருந்தால் டெஸ்ட் சராசரி நூறாகியிருக்கும். இரண்டாவது பந்தில் போல்ட் ஆனார், 99.94 என்று நின்றுவிட்டது. பிராட்மனுக்கு ஆடாமல் இருக்க வழியில்லை, தன் முறை வந்தது, இறங்கினார். வில்லியம்ஸுக்கு வழி திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் ஒரு படி உயர்த்தி வைக்கிறேன்.

சனிக்கிழமை இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அணியின் உடைமாற்றும் அறையைக் கவனித்துக்கொண்ட ஜானி ஓர்லாண்டோவைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். பத்து மைல் நடந்திருப்பேன் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பெரிய ஆட்டக்காரரோடு அந்த இரவில் நடந்தது ஓர் எடுபிடித் தோழர் என்பது எனக்குப் பிடித்த விவரம். சான் டியேகோவில் அப்பா வீட்டில் தங்காமல், அம்மா சால்வேஷன் ஆர்மி தொண்டுக்காகப் பொழுதெல்லாம் வெளியே இருக்க, விளையாட்டுத் திடலில் இருட்டும்வரை பேட் சுழற்றி வளர்ந்த பிள்ளை அவர். மெக்சிகோ வழிவந்த அந்த அம்மாவின் மகனுக்கு இப்படிப்பட்டவர்களோடுதான் மனம் ஒட்டியது.

ஞாயிறு. மைதானத்தில் சுமார் பத்தாயிரம் பேர். எதிரணி பிலடெல்பியா அத்லெடிக்ஸ். அதன் மேனேஜர் எழுபத்தெட்டு வயது கானி மேக். சீருடை அணியாமல் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்து அணியை நடத்திய முதியவர். வில்லியம்ஸ் முதல் தடவை பேட் பிடிக்க வந்ததும் கேட்சர் ஃபிராங்கி ஹேஸ் அவரிடம், உனக்கு எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது பெரியவர் உத்தரவு, ஆனால் உன்னை வேண்டுமென்றே நடக்கவும் விடமாட்டோம் என்ற பொருளில் சொன்னார். அம்பயர் பில் மெக்கோவன் குனிந்து ஹோம் பிளேட்டைத் துடைத்தபடி, .400 அடிக்க நினைப்பவன் உடம்பைத் தளர விட வேண்டும் என்று முணுமுணுத்தார். எதிரணியும் நடுவரும் சேர்ந்து அவருக்கு ஒரு நேர்மையான நாளை அமைத்துக் கொடுத்தார்கள். அந்த நாளின் அழகில் பாதி இதில் இருக்கிறது.

முதல் தடவையே ஹிட். அடுத்தது ஹோம் ரன், அந்த சீசனில் அவருக்கு 37-வது. பிறகு இன்னும் இரண்டு. ஐந்துக்கு நான்கு என்று முதல் ஆட்டம் முடிந்தபோது சராசரி .404. பாஸ்டன் 12–11 என்று வென்றிருந்தது. இனி இரண்டாவது ஆட்டத்தில் மூன்று தடவையும் சும்மா அவுட் ஆனால்கூட .401 மிஞ்சும். இப்போதாவது உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு. அதில் ஒரு பந்து வலப்பக்கச் சுவரின் மேலிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் போய் மோதித் திரும்பியது. இருட்டிவிட்டதால் எட்டு இன்னிங்ஸோடு ஆட்டத்தை நிறுத்தினார்கள். பாஸ்டன் தோற்றது. எட்டுக்கு ஆறு; 456-க்கு 185; .406.

அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பற்றிப் பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. பாஸ்டனுக்காக அதைத் தொடங்கிய பிட்சர் லெஃப்டி குரோவ். இதே பிலடெல்பியாவில் கானி மேக்கின் அணிக்காகத் தன் இளமை முழுவதும் வீசி, பிறகு பாஸ்டனுக்கு விற்கப்பட்டவர். அந்த ஆண்டு ஜூலையில்தான் தன் 300-வது வெற்றியைத் தொட்டிருந்தார். 301-வது கிடைக்கவில்லை. சொந்த ஊராக இருந்த மைதானத்தில், செப்டம்பர் 28 அன்று கொஞ்ச நேரம் வீசிவிட்டு இறங்கினார். மறுபடி பெரிய லீக்கில் அவர் வீசவில்லை. எல்லோர் கண்ணும் வேறு ஒருவர் மேல் இருந்த நாளில் அவருடைய ஆட்டம் முடிந்துபோனது.

.406-ஐப் பற்றி இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லவேண்டும். பேட்டர் உயரமாக அடித்து கேட்ச் ஆனாலும், அதனால் மூன்றாவது பேஸிலிருந்து ஒருவர் ஓடிவந்து ரன் எடுத்தால் இன்றைய விதிப்படி அந்தத் தடவை சராசரியில் சேராது. 1941-ல் அந்தச் சலுகை கிடையாது. இன்றைய விதியில் போட்டால் அவர் எண் இன்னும் உயரும். இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. அன்றைய பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. 2024-ல் நீக்ரோ லீக்குகளின் கணக்கையும் மேஜர் லீக் ஏட்டில் சேர்த்த பிறகு, 1943-ல் ஜோஷ் கிப்சன் எடுத்த .466 ஏட்டுக்கு வந்தது. ஆகவே ‘கடைசியாக .400 தொட்டவர் வில்லியம்ஸ்’ என்ற பழைய வாசகத்தை இனி அப்படியே எழுத முடியாது. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் கடைசியாக என்றுதான் எழுதவேண்டும். வில்லியம்ஸ் உயிரோடிருந்தால் இந்தத் திருத்தத்தை முதலில் வரவேற்றிருப்பார் என்றே நம்புகிறேன். 1966-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, தன் ஏற்புரையிலேயே சாட்செல் பேஜ், ஜோஷ் கிப்சன் பெயர்களைச் சொல்லி, வாய்ப்பு மறுக்கப்பட்ட அவர்களுக்கும் அங்கே ஒருநாள் இடம் கிடைக்கவேண்டும் என்று கேட்டவர் அவர். அவருடைய சொந்த அணியோ, கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டதில் எல்லா அணிகளுக்கும் கடைசி. 1959-ல்தான் பம்ப்ஸி கிரீன் வந்தார். ஆட்டத்துக்கு முன்னால் பந்து வீசிப் பிடிக்கும் பயிற்சிக்கு வில்லியம்ஸ் அவரைத் தன் ஜோடியாகக் கூப்பிட்டுக்கொண்டார்.

பத்து ஆண்டு கழித்து 1951-ல் அதே தேதி அவருக்கு வேறு முகம் காட்டியது. யாங்கி ஸ்டேடியம். யாங்கீஸ் பிட்சர் ஆலி ரெனால்ட்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி அவுட்டுக்கு வந்துவிட்டார். எதிரே வில்லியம்ஸ். அவர் அடித்த பந்து பிளேட்டுக்குப் பின்னால் செங்குத்தாக எழும்பியது. கேட்சர் யோகி பெர்ரா அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகர்ந்து, தடுமாறி, பந்தைத் தவறவிட்டார். வில்லியம்ஸ் போன்ற ஒருவருக்கு இன்னொரு உயிர் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மைதானமே நடுங்கியிருக்கும். அடுத்த பந்து; கிட்டத்தட்ட அதே அடி, அதே உயரம். இந்தத் தடவை பெர்ரா பிடித்துவிட்டார். 8–0. அதே நாள் இரண்டாவது ஆட்டத்தையும் வென்று யாங்கீஸ் லீக் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. 1923-ல் இதே தேதியில் ஃபென்வே பார்க்குக்கே வந்து 30 ஹிட் அடித்து 24–4 என்று வென்ற அணியும் அதுதான். அந்த ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

1960-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்குமுன் நம் காலத்து மூன்று செப்டம்பர் 28-கள். மூன்றிலும் பால்டிமோர் ஓரியோல்ஸ் வருகிறது.

2007-ல் பாஸ்டன் தன் ஆட்டத்தை ஃபென்வேயில் வென்றுவிட்டுக் காத்திருந்தது. யாங்கீஸ் தோற்றால்தான் டிவிஷன் பட்டம். ஓரியோல்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸை 10–9 என்று வீழ்த்தியது. 1995-க்குப் பிறகு பாஸ்டனுக்கு முதல் டிவிஷன் பட்டம். கடைசி இன்னிங்ஸ் பிட்சர் ஜோனதன் பேப்பல்பான் உள்ளாடையோடு மைதானத்தில் ஆடிய ஆட்டத்தைப் பாஸ்டன்காரர்கள் இன்றும் பேசுவார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 2011-ல், அதே பேப்பல்பான், அதே தேதி, எதிரே அதே ஓரியோல்ஸ். செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே ரேஸ் அணியைவிட ஒன்பது ஆட்டம் முன்னே இருந்த பாஸ்டன், அந்த மாதத்தில் 7 வென்று 20 தோற்று, அடுத்த சுற்றுக்கு மிஞ்சியிருந்த ஒரே இடத்துக்காகக் கடைசி நாளில் ரேஸோடு சமமாக நின்றது. பால்டிமோரில் 3–2 என்று முன்னணி; நடுவில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மழை. ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் இருவரையும் பேப்பல்பான் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டார். அந்த சீசனில் எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னணியில் இருந்து பாஸ்டன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. கிறிஸ் டேவிஸ் அடித்தார். நோலன் ரெய்மோல்ட், தோல்விக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற நிலையில், அடித்துச் சமமாக்கினார். ராபர்ட் ஆண்டினோ இடப்பக்கம் தாழ அடித்த பந்தை நோக்கி கார்ல் கிராஃபர்ட் சறுக்கிப் பாய்ந்தார். பந்து கையுறையில் தங்கவில்லை. 4–3. மூன்று நிமிடத்துக்குள் டாம்பா பே பக்கம் இவான் லாங்கோரியாவின் ஹோம் ரன். அங்கே ரேஸ் 0–7 என்று பின்தங்கியிருந்து யாங்கீஸை வென்றது. பாஸ்டனின் சீசன் முடிந்தது. இரண்டே நாளில், 2004-லும் 2007-லும் உலகத் தொடர் வென்று கொடுத்த மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனாவும் விலகினார்.

தேதியைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஆண்டினோவின் அடியும் லாங்கோரியாவின் அடியும் நள்ளிரவு தாண்டி விழுந்தவை. கடிகாரப்படி அது செப்டம்பர் 29. ஆனால் பேஸ்பால் ஏட்டில் ஆட்டம் தொடங்கிய நாளே அதன் தேதி. ஆகவே அந்த வலி 28-ன் கணக்கில்தான் இருக்கிறது.

2016-ல் ஓரியோல்ஸ் மறுபடியும் கை கொடுத்தது. டொராண்டோவை அது வென்றதால் பாஸ்டனுக்கு டிவிஷன் பட்டம். ஏறக்குறைய அதே வேளையில் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் 3–0 முன்னணியை இழந்து, மார்க் டெக்ஸேராவின் நான்கு ரன் ஹோம் ரன்னில் தோற்றது. டேவிட் ஓர்டிஸின் கடைசி சீசன். தோற்ற மைதானத்திலேயே பட்டத்தைக் கொண்டாட வேண்டியிருந்தது.

இனி 1960.

புதன்கிழமை, மேகமூட்டம், குளிர். ஃபென்வே பார்க்கில் 10,454 பேர். பாஸ்டன் அந்த ஆண்டு ஏழாவது இடத்தில் கிடந்த அணி. வில்லியம்ஸுக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டாம் உலகப்போருக்கு மூன்று முழு சீசனையும், கொரியப் போருக்கு 1952, 53-ன் பெரும்பகுதியையும் விமானியாகக் கொடுத்தவர். 1953 பிப்ரவரியில் சுடப்பட்டுத் தீப்பற்றிய ஜெட்டைச் சக்கரம் இல்லாமல் வயிற்றால் தரையிறக்கி உயிர் தப்பியவர். முப்பத்தொன்பதாம் வயதில் .388 அடித்தார். 1959-ல் .254 என்று விழுந்தபோது, தனக்குச் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லித் தானே கேட்டுக்கொண்டார்.

அவருக்கும் பாஸ்டனுக்கும் உறவு சுமுகமாக இருந்ததில்லை. 1940-ல் கூட்டம் கூச்சலிட்டதில் மனம் கசந்து, இனி யாருக்கும் தொப்பி எடுப்பதில்லை என்று முடிவுசெய்தார். ஹோம் ரன் அடித்தவர் கைதட்டலுக்குத் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்வது அங்கே வழக்கம். இருபது ஆண்டாக அவர் அதைச் செய்யவில்லை. பத்திரிகைக்காரர்களோடு தீராத சண்டை. ஆனால் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான ஜிம்மி ஃபண்டுக்காக அவர் ஓயாமல் உழைத்தார். அன்று ஆட்டத்துக்கு முன் நடந்த வழியனுப்பு விழாவிலும் அந்த நிதிக்கு நகரத்தின் சார்பில் காசோலை கொடுத்தார்கள். இனி யாரும் 9-ம் எண் சட்டை அணியமாட்டார்கள் என்றும் அறிவித்தார்கள்.

முதல் இன்னிங்ஸில் நடந்து பேஸ் போனார். மூன்றாவதில் அடித்த பந்து கேட்ச் ஆனது. ஐந்தாவதில் வலப்பக்கம் வெகுதூரம் போன பந்தை ஆல் பிலார்சிக் சுவரோரம் நின்று பிடித்தார். மங்கலான வெளிச்சம், விளக்குகளைப் போட்டார்கள். எட்டாவது இன்னிங்ஸ். பிட்சர் ஜாக் ஃபிஷர், வயது இருபத்தொன்று. வில்லியம்ஸ் முதல் லீக் ஆட்டம் ஆடிய நாளில் அவர் கைக்குழந்தை. கூட்டம் எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தது. முதல் பந்து குறி தவறியது. இரண்டாவதை வில்லியம்ஸ் முழு பலத்தில் சுழற்றித் தவறவிட்டார். மூன்றாவது பந்து வலப்பக்க நடுவெளியில் பிட்சர்கள் கைசூடேற்றும் புல்பென்னைத் தேடிப் போய் விழுந்தது. 521-வது ஹோம் ரன். ஆட்டம் 4–3.

தலையைக் குனிந்தபடி, மழைக்கு முன் வீட்டுக்கு ஓடுபவர்போல வேகமாக பேஸ்களைச் சுற்றி வந்தார். அடுத்து ஆட நின்ற ஜிம் பாக்லியரோனியின் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் பெயர் சொல்லி அழைத்தது. சக ஆட்டக்காரர்கள் கெஞ்சினார்கள், அம்பயர்கள்கூட வெளியே வரச் சொன்னார்கள். வரவில்லை. கூட்டத்தில் இருந்த இருபத்தெட்டு வயது ஜான் அப்டைக் பார்த்ததைக் கட்டுரையாக எழுதினார். அடுத்த மாதம் நியூ யார்க்கர் இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் அமெரிக்க விளையாட்டு எழுத்தில் இன்றும் பலர் முதலில் நினைப்பது. அந்தத் தொப்பி பாஸ்டன் மக்களுக்காகக் கழன்றது 1991 மே மாதம். .406-ன் ஐம்பதாவது ஆண்டு விழாவில், கிழவராக ஃபென்வேக்கு வந்தவர் பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினார். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அன்று அவர் எடுக்காததையும் பின்பு எடுத்ததையும் நான் ஒன்றுபோலவே மதிக்கிறேன். இரண்டிலும் மனதில் இல்லாததை அவர் செய்யவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்க, மேனேஜர் மைக் ஹிக்கின்ஸ் வில்லியம்ஸை இடப்பக்கக் காவலுக்கு அனுப்பினார். அவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பின்னாலேயே கரோல் ஹார்டியை ஓடவிட்டார். எட்டு நாள் முன்பு பால்டிமோரில், தான் அடித்த பந்து தன் காலிலேயே பட்டு வில்லியம்ஸ் வெளியேறியபோது, அவருக்குப் பதிலாக பேட் பிடித்தவர் இந்த ஹார்டி. வில்லியம்ஸுக்குப் பதிலாக பேட் பிடித்த ஒரே மனிதர். இருவரும் புல்வெளியில் ஒருவரை ஒருவர் கடந்தார்கள். கூட்டம் கடைசியாக ஒருமுறை எழுந்து நின்றது. வில்லியம்ஸ் தலை நிமிராமல் ஓடி உள்ளே மறைந்தார்.

கடைசி இன்னிங்ஸில் பாஸ்டன் இரண்டு ரன் எடுத்து 5–4 என்று வென்றது. நியூயார்க்கில் இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி இருந்தது. அணி கிளம்பிப் போனது. வில்லியம்ஸ் போகவில்லை.

(தொடரும்)